முகம் பார்க்கும் வண்டி

நான் பொய் சொன்னேன். என் தங்கை கேட்ட குழந்தை வண்டி வேலூர்க் கடையில் இருந்தது. என் கையால் அதைத் தள்ளியும் பார்த்தேன். வாங்கவில்லை. எங்குமே கிடைக்கவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

ஒரு வண்டிக்காகச் சொன்ன பொய்... இதற்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் நினைக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

என் தங்கை அமுதாவுக்குக் காது கேட்காது. ஆறு வயதில் வந்த காய்ச்சல் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அதற்குமுன் பேசப் பழகியிருந்ததால் பேசுவாள். மற்றவர் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆரணியிலேயே ஒரு நெசவுக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தோம். வீட்டுக்குள் இரண்டு பட்டுத்தறிகள். தறி ஓடும்போது நல்ல காதுக்காரர்களுக்கே குழந்தை அழுவது கேட்காது. மகள் இனியா பிறந்த பிறகு, பிள்ளை அழுவதை அந்த வீட்டில் முதலில் கண்டுபிடித்தது அமுதாதான். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான்.

பிரசவம் அறுவை சிகிச்சையில் முடிந்தது. அதன்பின் அவளுக்கு இடுப்பு வலி. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நெடுந்தூரம் நடக்க முடியவில்லை. தவிர, அவள் பேச்சு பழகாதவர்களுக்குச் சட்டென்று விளங்காது என்பதால் கடைக்காரர்களிடம் செல்பேசியில் எழுதிக் காட்டித்தான் பொருள் வாங்குவாள். அதற்கு இரண்டு கைகளும் வேண்டும். தடுப்பூசிக்கோ கடைத்தெருவுக்கோ யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தன் பிள்ளையோடு தானே போய்வர வேண்டும் என்பது அவள் ஆசை. அது ஒன்றும் பேராசை இல்லையே.

அதனால் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கீழே எழுதியிருந்தாள்: "இந்த மாதிரி வண்டிண்ணா. கொழந்த மூஞ்சி என்னப் பாத்து இருக்கணும். அழுதா எனக்குத் தெரியணும். வெலை கம்மிதான்."

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாய் வீட்டில் பிரசவம் பார்த்து, ஐந்தாம் மாதம் பிள்ளையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். அப்பா இல்லாத வீடு. எல்லாம் என் பொறுப்பு. கொலுசு, அரைஞாண், தொட்டில், பட்டுப்பாவாடை என்று வரிசைத் தட்டுகளைத் தெருவே பார்க்கத் தூக்கிப் போவோம். வண்டியையும் அந்த வரிசையில் வைத்துவிடலாம் என்று நான்தான் முடிவு செய்தேன். கெட்டது அங்கேதான்.

வேலூர்க் கடையில் அமுதா அனுப்பிய படத்தைக் காட்டினேன். விற்பனைப் பெண் உடனே எடுத்து வந்தாள். சாம்பல் நிறத்தில் சின்ன வண்டி. கைப்பிடியைத் தூக்கி மறுபக்கம் சாய்த்துக் காட்டினாள்.

"இத இப்பிடி மாத்திக்கலாம் சார். கொழந்த நம்மளப் பாத்துகினே வரும்."

தள்ளிப் பார்த்தேன். இலேசாக ஓடியது. குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர... பார்க்க எடுப்பாக இல்லை.

நான் பட்டுக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவன். முந்தானையை முதலில் விரித்துக் காட்டித்தான் பிழைப்பு நடத்துகிறேன். அந்தச் சாம்பல் வண்டியை வெள்ளித் தட்டுகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று மனத்துக்குள் வைத்துப் பார்த்தேன். "தாய்மாமன் சீரு இவ்ளோதானா?" என்று அவர்கள் உறவுக்காரப் பெண்கள் முணுமுணுப்பது அப்போதே காதில் விழுந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மூலையில் இன்னொன்று நின்றது. சிவப்பும் பொன்னிறமுமாக, பெரிய சக்கரங்களும் அகலமான மேற்கூரையுமாக ஒரு குட்டித் தேர். குழந்தையின் மடிக்கு முன்னால் ஒரு தட்டு. அதில் பொத்தானை அழுத்தினால் பாட்டுப் பாடும், விளக்கு எரியும். பாட்டு... காது கேட்காத தாய்க்கு! அந்த வண்டியில் பிள்ளை தெருவைப் பார்த்துத்தான் உட்கார முடியும். திருப்ப வழியில்லை என்று அந்தப் பெண் தெளிவாகவே சொன்னாள். விலை இருமடங்கு. அதைத்தான் வாங்கினேன்.

காசு இல்லாமல் தங்கையை ஏமாற்றவில்லை. கூடுதலாகச் செலவு செய்து ஏமாற்றினேன். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அமுதாவிடம் நேரில் பொய் சொல்வது கடினம். பேசுகிறவனின் முகத்தைப் படித்தே வளர்ந்தவள். ஆகவே பேருந்தில் உட்கார்ந்து செல்பேசியில் எழுதி அனுப்பினேன்: "வேலூர் முழுக்கத் தேடினேன். நீ கேட்டது கிடைக்கவில்லை. இதுவும் நன்றாகத்தான் இருக்கிறது." சற்று நேரத்தில் பதில் வந்தது: "பரவால்லண்ணா. அலைஞ்சியா? சாப்ட்டியா?"

சாப்பிட்டேன் என்று எழுதினேன். அது மட்டும் உண்மை.

சீர் அன்று ஊரே அந்த வண்டியைத்தான் பார்த்தது. பிள்ளைகள் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினார்கள். அமுதாவின் மாமியார் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கொற ஒன்னும் வெக்கல" என்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மறைப்பானேன்... மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது.

அமுதா அந்த வண்டியோடு பழகிக்கொண்டாள். பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி, முன்னால் போய்க் குனிந்து முகத்தைப் பார்த்துவிட்டு மீண்டும் தள்ளுவாள். ஒருநாள் எங்கள் கடை வாசலில் அப்படி நின்று நின்று போனதைப் பார்த்தேன். உள்ளே போய்ச் சேலை மடிக்க உட்கார்ந்துவிட்டேன்.

இனியாவுக்கு ஒன்பது மாதம் முடிந்தபோது அது நடந்தது. அன்று நல்ல வெயில். தடுப்பூசிக்கு நேரமாகிவிட்டதால் அமுதா கடைத்தெருவில் நிற்காமல் தள்ளிப்போனாள். பாட்டுத் தட்டு வண்டியோடு சேரும் இடுக்கில் பிள்ளையின் சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. சாலையின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அந்தத் தட்டு விரலை நசுக்கியிருக்கிறது. பிள்ளை அலறியிருக்கிறாள். மேற்கூரை மறைத்தது, பின்னாலிருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ கூப்பிட்டும் இருக்கிறார்கள். அவளுக்கு எப்படிக் கேட்கும்? கடைசியில் காய்கறி விற்கும் அம்மா ஒருவர் குறுக்கே வந்து வண்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏம்மா, கொழந்த அலறிகினு கீது, நீ பாட்டுக்குத் தள்ளிகினு போறியே. பெத்தவதானா நீ?"

அதை மட்டும் அமுதா உதட்டிலிருந்து முழுமையாகப் படித்துவிட்டாள். ஒரு சொல் விடாமல் எனக்குச் சொன்னதும் அவள்தான்.

விரல் நுனி நசுங்கிவிட்டது. தையல் போட்டார்கள். நகம் இன்றுவரை கோணலாகத்தான் வளர்கிறது. விரல் போகட்டும், ஆறிவிட்டது. அதன்பின் நடந்ததுதான் ஆறவில்லை.

மருத்துவமனையில் எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். மாமியார் அமுதாவின் மோவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினார். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"உம்மேல தப்பு இல்லம்மா. காது கேக்கல, நீ என்னா பண்ணுவ? இனிமே கொழந்தைய நீ தனியா இட்டுகினு போவாத. யாராச்சும் கூட வரட்டும்."

அவள் கணவனும் தலையாட்டினான். நானும் அங்கேதான் நின்றேன்.

அமுதா அழுதுகொண்டே சொன்னாள்: "முகத்தப் பாக்குற மாதிரி வண்டி இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும் அத்த. அண்ணன் வேலூர் பூரா தேடுச்சி, கெடைக்கல. அண்ணன் என்னா பண்ணும்?"

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். "இருந்தது, நான்தான் வாங்கவில்லை" என்று சொல்லியிருந்தால் பழி அவள் காதிலிருந்து இறங்கி என் தலையில் ஏறியிருக்கும். பிள்ளையை வளர்க்கத் தெரியாதவள் என்ற பேச்சு அன்றோடு நின்றிருக்கும். என்னைத் தடுத்தது எது? பயமா? வெட்கமா? இரண்டும்தான்... அதற்கும் மேலே, "கொற ஒன்னும் வெக்கல" என்ற பேரை விட மனம் வரவில்லை. நான் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டி இப்போதும் அவர்கள் முன்னறையில் பிளாஸ்டிக் உறை போட்டு நிற்கிறது. சீர்ப் பொருளைப் பிறருக்குக் கொடுக்கக் கூடாதாம். வருகிறவர்களிடம் மாமியார் இன்னமும் பெருமையாகக் காட்டுகிறார்.

இனியாவுக்கு இப்போது நான்கு வயது நெருங்குகிறது. இன்றுவரை அமுதா அவளைத் தனியாகத் தெருமுனைக்கு அழைத்துப் போனதில்லை. கூட யாராவது வர வேண்டும். பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நம்பிக்கையான ஆள் அல்லவா நான்!

சென்ற வாரம் பள்ளியில் சேர்க்க மூவரும் நடந்து போனோம். பாதி வழியில் இனியா அம்மாவின் கையை விட்டுவிட்டு முன்னால் ஓடினாள். ஓடியவள் அம்மாவைப் பார்த்துத் திரும்பி, பின்பக்கமாகவே அடிமேல் அடி வைத்து நடக்க ஆரம்பித்தாள். நடந்துகொண்டே ஏதேதோ கதை சொன்னாள். அமுதா அவள் வாயையே பார்த்துச் சிரித்துக்கொண்டு நடந்தாள். எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அமுதா பதறி ஒரு பைக்கைப் பார்த்துக் கைகாட்டினாள்.

"இனியா, ஒழுங்கா திரும்பி நட. உழுந்துடுவ" என்று அதட்டினேன்.

அவள் நிற்கவே இல்லை. என்னிடம் சொன்னாள்:

"திரும்பிகினா அம்மாவுக்குக் கேக்காது மாமா."

பைக் கடந்து போனது. அமுதா என் பக்கம் திரும்பி, "என்னாண்ணா சொல்றா?" என்று கேட்டாள்.

"ஒன்னும் இல்லம்மா" என்றேன்.

அமுதா என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்து நடந்தாள்.