கணவர் பெயர் என்றொரு கட்டம்

"மயில் மேல ஏறுவாரே, அவரா?"

பிள்ளைத்தாய்ச்சி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினாள்.

"அப்ப, நம்ம கோயில்ல நிக்காரே, அவரா?"

"அவருதான், சிஸ்டர்!"

"சங்கரலிங்கமா, சங்கரநாராயணனா? முதல்ல சொன்னதா, ரெண்டாவதா?"

அந்தப் பெண் ஒற்றை விரலை நீட்டினாள். லாட்டரி விழுந்த மாதிரி கை தட்டிவிட்டு அட்டையில் எழுதினாள் மாடத்தி சிஸ்டர்.

சங்கரன்கோவில் சர்க்கார் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் தினமும் காலையில் இந்தக் கூத்துதான். மாடத்திக்கு நாற்பது வயது, கனத்த உடம்பு. கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அவள் வருவதற்கு முன்னால் செருப்புச் சத்தம் வந்து சேதி சொல்லிவிடும். வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லாத ஊரில், கணவர் பெயர் வரிசைப்படி அட்டைகளை அடுக்கச் சொன்ன புண்ணியவான் யாரோ! கையில் கிடைத்தால் மாடத்தி விட்டிருக்கமாட்டாள். அவள் கணவர் விசைத்தறி மெக்கானிக். "எங்க வீட்டு மெக்கானிக்கு" என்றுதான் அவரைச் சொல்லுவாள்.

எண்பத்து மூன்றில், ஆடித்தபசுத் திருவிழா நெருங்கிய சமயம், ஒரே நாளில் மூன்று சங்கரலிங்கங்களின் மனைவிமார் வந்தார்கள். அட்டை மாறிப்போனது. ரத்தமில்லாமல் வெளுத்துப் போயிருந்த முத்துத்தாய், வேறொருத்தியின் அட்டையோடு, "எல்லாம் நல்லாருக்கு" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். தெரிந்ததும் மாடத்தி வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாளே ஓட்டம்! இளையரசனேந்தல் பஸ்ஸை மறித்து முத்துத்தாயை இறக்கிக் கூட்டிவந்தாள். ஊசி போட்டுப் படுக்க வைத்தபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"ஒரு கட்டத்துக்காக ஒரு உசுரு போயிருக்குமே, மக்கா!"

மறுமாதம் திருநெல்வேலியில் கூட்டம். ஜில்லா முழுவதற்கும் புது அட்டை அச்சடிக்கப் போகிறார்கள். டாக்டர் லீவு. "கேட்டுட்டு மட்டும் வாங்க" என்று மாடத்தியை அனுப்பினார்கள். அவளா கேட்டுவிட்டு மட்டும் வருவாள்? கடைசி பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

"கணவர் பேரை எடுத்துட்டு ஆத்தா பேரைப் போடுங்க, சார். பொம்பளைக்குத் தன் பேரும் பெத்தவ பேரும் கூசாம வரும்."

மெட்ராஸிலிருந்து வந்திருந்த அதிகாரி நம்பவில்லை.

"கிராமத்துப் பெண்கள் வெட்கப்படுவாங்க, சரி. இருபது வருஷ சர்வீஸ் போட்ட நர்ஸ் நீங்க. உங்க கணவர் பேரைச் சொல்லுங்க, பார்ப்போம். சொல்லிட்டா இந்தக் கட்டம் இப்படியே இருக்கட்டும்."

ஹாலே திரும்பிப் பார்த்தது. மாடத்தி சேலைத் தலைப்பை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"அது வந்து, சார்... எங்க வீட்டு மெக்கானிக்கு..."

அவளுக்கே சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. ஒரு கையில் ஐந்து விரலும் மறுகையில் ஒரு விரலும் விரித்துக் காட்டினாள். பிறகு தன் முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

"ஆறுமுகம்!" என்று ஹாலே கத்தியது.

அதிகாரி கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, சிவப்புப் பேனாவை எடுத்து, மாதிரி அட்டையில் 'கணவர் பெயர்' கட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.