ஏலத்தில் எடுத்த அண்டா

எங்கள் ஊர் ஆண்களுக்கு எதையாவது ஏலம் விடாவிட்டால் சோறு இறங்காது. கரைக்கு வந்த மீன், கோயில் தென்னையின் தேங்காய், சப்பரத்தின் முன்கம்பைச் சுமக்கும் உரிமை, எல்லாவற்றுக்கும் ஏலம். சென்ற திருவிழாவில் தாழ்மையையும் ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். தங்கச்சிமடத்திலேயே பிறந்து வளர்ந்த நான்கூட இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை.

வினை அதற்கு முந்தின வருடமே ஆரம்பித்துவிட்டது. அப்போது எங்கள் சர்ச்சில் இருந்த பங்குச் சாமியார், இறையாட்சியில் நாற்காலி கிடையாது, அடுத்தவர் எச்சில் தட்டை எடுப்பவர்தான் அங்கே பெரியவர் என்று பிரசங்கம் வைத்தார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்கே சோறு போடும் அசனம் முடிந்ததும் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, சமையல் கொட்டகைக்குப் பின்னால் என் மதினி கழுவிக்கொண்டிருந்த சோற்று அண்டாவுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, தேங்காய் நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

மதினி அங்கே உட்கார்ந்திருந்தது என் அண்ணனுக்காக. எல்லை தாண்டினார்கள் என்று படகோடு பிடித்துக்கொண்டு போய், அண்ணனை இலங்கைச் சிறையில் வைத்திருக்கிறார்கள். அண்ணன் வரும்வரை ஒவ்வொரு அசனத்திலும் ஓர் அண்டாகூட விடாமல் கழுவுவதாக மதினிக்கு நேர்த்திக்கடன். ஒன்று தப்பினாலும் அவர் வரமாட்டார் என்று நம்பினார். அந்தப் படகின் முதலாளிதான் ஊரில் பெரிய கை. படகு போனதற்கு அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. படகுக்குள் ஆள் இருந்தது அவருக்கு நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

சாமியார் அண்டா தேய்த்ததை யாரோ செல்போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் எல்லாம் புல்லரித்துப் போனார்கள். திருவிழாக் கமிட்டிக்காரர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. அந்தச் சாமியார் மாற்றலாகிப் போனதும், முதல் அண்டா கழுவும் பாக்கியம் என்று புதிதாக ஓர் ஏலத்தைச் சேர்த்தார்கள். மைக்கில் கூவினார்கள். முதலாளி எடுத்தார். புதுச் சாமியார் குனிந்த தலை நிமிராமல் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

மதினிக்கு முகம் வெளுத்துவிட்டது. கமிட்டிக்காரர் ஒருவரிடம் ஓடினார்.

“அண்ணே, எனக்கு நேத்திக்கடன் இருக்கு. ஒண்ணு விட்டாலும் அவுக வரமாட்டாக.”

“ஏலத்துல எடுத்தவருக்குத்தான் முதல் அண்டா. வேணும்னா அடுத்த வருசம் நீயும் கேளு” என்றார் அவர், மதினியும் ஏதோ நாலு படகு வைத்திருப்பவர் போல.

அசனத்தன்று பந்தி முடியும் நேரத்தில் அதே ஆள் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றார்.

“ஏத்தா, அந்த அண்டாவைக் கொஞ்சம் தேய்ச்சு வச்சிரு. முதலாளி பட்டு வேட்டியில வாராரு. கரி பட்டா நல்லாருக்காது.”

எனக்கு உச்சி வரைக்கும் ஏறியது. “போகாதீக மதினி. கரியோடயே கழுவட்டும் அந்த மனுசன்” என்றேன்.

“சும்மா இருத்தா. கும்பிட்ட சாமி வழி விட்டுருக்கு” என்று மதினி முந்தானையை இடுப்பில் செருகினார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கு மதினிமேலேயே எரிச்சல் வந்தது. இப்படி இளித்தவாயாக இருந்தால் ஏன் தலையில் மிளகாய் அரைக்க மாட்டார்கள்? அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி, சாம்பல் போட்டு, வெளிக்கரி முழுவதும் போகத் தேய்த்து, வெயிலில் கண் கூசும்படி ஆக்கிவிட்டுத்தான் எழுந்தார்.

பேண்டு வாத்தியம் முன்னால் வர, மாலையும் புதுத் துண்டுமாக முதலாளி வந்தார். அண்டா உருளாமல் இருக்க மதினியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். முதலாளி ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றி, விளிம்பை விரலால் தடவினார். போட்டோக்காரன் இன்னொரு தடவை என்றான். இன்னொரு செம்பு ஊற்றினார். இந்தக் குனிதலுக்கே அவர் கையைத் தாங்கிக்கொள்ள இரண்டு பேர்.

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, கூட்டத்துக்குக் கேட்கும்படி மதினியிடம் சொன்னார்: “கவலைப்படாத ஆத்தா. உன் வீட்டுக்காரன் வரணும்னு வேண்டிக்கிட்டுத்தான் கழுவுனேன்.”

“நானும் அதை வேண்டிக்கிட்டுத்தான் கழுவுனேன், மொதலாளி. இப்பத்தான், நீங்க வாரதுக்கு முந்தி” என்றார் மதினி.

மதினிக்குக் குத்திப் பேசத் தெரியாது. உள்ளதைச் சொன்னார். கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். முதலாளி முகம் கறுத்தது. கமிட்டிக்காரர் அவசரமாகப் பேண்டை வாசிக்கச் சொன்னார்.

அவர்கள் போனபிறகு மிச்ச அண்டாக்கள் கரியோடு கிடந்தன. அவற்றை ஏலம் கேட்க ஆளில்லை. மதினி ஒன்று விடாமல் கழுவினார். நான் முணுமுணுத்துக்கொண்டே தண்ணீர் ஊற்றினேன்.

அண்ணன் இன்னும் வரவில்லை. முதலாளி அண்டா கழுவும் படம் மட்டும் கோயில் வாசலில் ஆள் உயர பிளெக்ஸாக நிற்கிறது. ஓரத்தில், அண்டாவைப் பிடித்தபடி, மணிக்கட்டு வரைக்கும் கரி படிந்த ஒரு கை தெரிகிறது. அதை வெட்டி எடுக்க மறந்துவிட்டார்கள்.