அதே வேலைக்கு வேறு ஊர்

லிஸ்பன் போவதற்கான வேலைகள் நடந்துகொண்டிருந்தபோது, விசாவுக்குக் கேட்கும் நன்னடத்தைச் சான்றிதழ் விசாரணைக்காகக் காவல் நிலையத்திலிருந்து ஒருவர் சங்கராபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார்.

"அங்க போய் இன்னா வேலைம்மா?"

"இப்ப பாக்குற அதே வேலைதாங்க. வெளிநாட்டுக் கம்பெனி. வூட்ல இருந்தே லேப்டாப்புல செய்யறேன்."

"அதான் இங்கயே செய்யறியே. அப்புறம் ஏன் போவணும்?"

இப்படி வேலை பார்ப்பவர்கள் தங்கள் வேலையோடு வந்து குடியிருக்கலாம் என்று சில நாடுகள் விசா தருகின்றன. டிஜிட்டல் நோமேட் விசா என்று பெயர். அதைச் சொன்னாலும் அவர் கேட்டதற்குப் பதிலாகாது. அப்பாதான், "இங்க கரண்டு சரியா நிக்கறதில்ல சார்" என்றார். வந்தவர் தலையாட்டினார். எங்கள் தெருவில் மின்சாரம் போவதே அபூர்வம்.

கள்ளக்குறிச்சி நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்து நான் அப்பாவிடம் வந்து இரண்டு வருடமாகியிருந்தது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டாள். வீட்டில் சண்டை கிடையாது, அழுகை கிடையாது. காலையில் எழுவேன், அறைக்கதவைச் சாத்துவேன், மீட்டிங்கில் பேசுவேன், சாப்பிடுவேன். ஒருநாள் சாம்பாரில் உப்பே இல்லை என்று அப்பா சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்குள் நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவியிருந்தேன். அன்று சாயங்காலம் விசாவைப் பற்றித் தேட ஆரம்பித்தேன்.

விசா வந்ததும் அப்பா என்னை பைக்கில் கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போனார். வெள்ளிமலை போகும் வழியில் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தினார். கீழே கரும்பும் மரவள்ளியுமாக நிலம் பரந்து கிடந்தது. அழகாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"கரண்டுன்னு ஏம்பா சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? நீ வூட்ல இருந்துக்கினே இல்லாத மாரி இருக்கற. அத அவருகிட்ட சொல்ல முடியுமா?"

கீழே பார்த்தபடியே, "உங்கம்மா இருந்தா அழுதிருப்பா. எனக்கு வரல" என்றார்.

"எனக்கும் வரலப்பா."

"சரி வுடு. குளுருது, போலாம்."

லிஸ்பனில் வாடகை அறைக்குள் போனதும் மேசையைச் சுவரோரம் இழுத்துப் போட்டு வேலையில் உட்கார்ந்தேன். மீட்டிங்கில் நான் ஊர் மாறியதை யாரும் கவனிக்கவில்லை. தெருவில் டிராம் போகும் சத்தம் கேட்டது. எழுந்து பார்க்கத் தோன்றவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா கூப்பிட்டார்.

"சாப்டியா?"

"இனிமேதாம்பா."

"உன் ரூமுக்கு நான் வந்துட்டேன். இங்க காத்து ஜாஸ்தி."

"நான் வந்தா எங்க படுக்கறது?"

"வர்றப்ப பாத்துக்கலாம்."

சரி என்றேன். வருத்தம் வருமா என்று கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுந்துபோய் அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்தேன்.