கருத்து மொய்

என் தொடர்கதையில் வரும் மாமியார் செத்துப்போனது எங்கள் குழுவில் யாருக்குமே தெரியவில்லை. சாகும் அத்தியாயத்தைப் பதிவேற்ற நான் மறந்துவிட்டேன், அது என் தப்புதான். ஏழாம் அத்தியாயத்தில் அந்த அம்மாள் அடுப்படியில் நின்று மருமகளைத் திட்டிக்கொண்டே சாம்பார் கிண்டுகிறாள். அடுத்த வாரம் எட்டாவதைப் போடுவதற்குப் பதிலாக ஒன்பதாவதைப் போட்டுத் தொலைத்தேன். அதில் அவள் மாலை போட்ட படமாகச் சுவரில் தொங்குகிறாள். நடுவில் குளியலறையில் வழுக்கி விழுந்தது, ஆம்புலன்ஸ் வந்தது, ஒன்றும் கிடையாது. அன்று சாயங்காலத்துக்குள் குவிந்த கருத்துகளைக் கேளுங்கள். "அருமை சிஸ்!" "விறுவிறுப்பு குறையவே இல்ல!" "அந்த மாமியாருக்குச் சீக்கிரம் ஒரு பாடம் கத்துக் குடுங்க சிஸ், தாங்க முடியல!"

செத்தவளுக்கு இன்னும் என்ன பாடம் கற்றுக்கொடுப்பது?

குழு என்றால் முகநூலில் தொடர்கதை எழுதுகிறவர்களின் குழு. கிள்ளான், பெட்டாலிங் ஜெயா, காஜாங், செந்தூல் என்று கோலாலம்பூரைச் சுற்றியுள்ள நம் பக்கத்து ஆட்கள்தான் எல்லாரும். நர்ஸ், டீச்சர், வீட்டில் இருக்கும் அம்மாக்கள், மீசை வைத்த ஒரு துப்பறியும் கதைக்காரர், இன்சூரன்ஸ் ஆபீசில் கிளெய்ம் பாரங்களோடு மல்லுக்கட்டும் நான். எல்லாரும் எழுதுகிறவர்கள். படிக்கத்தான் ஆள் இல்லை. அதற்காக எங்களுக்குள் தானாக ஒரு வழக்கம் வந்திருந்தது. நீ என் கதைக்குக் கருத்துப் போட்டால் நான் உன் கதைக்குப் போடுவேன். போடாவிட்டால் அடுத்த வாரம் உன் கதை மொட்டையாக நிற்கும். கல்யாண வீட்டில் மொய் செய்கிற மாதிரிதான். சாப்பாடு எப்படி இருந்தது என்று யாரும் கேட்பதில்லை, வந்தாயா, மொய் வைத்தாயா, அவ்வளவுதான். நானும் விதிவிலக்கு இல்லை. ஃபெடரல் ஹைவே நெரிசலில் கணவர் கார் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து வரிசையாக மொய் வைத்துக்கொண்டே போவேன்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரே ஒரு கருத்து மட்டும் வேறு மாதிரி இருந்தது. "அக்கா, மாமியார் எப்போ இறந்தாங்க? போன வாரம் சாம்பார் வச்சிட்டு இருந்தாங்களே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ என்று அவசர அவசரமாக எட்டாம் அத்தியாயத்தைப் போட்டேன். வெட்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், உண்மையைச் சொல்கிறேன், ஆபீஸ் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சிரித்தேன். ஒரு ஆள் படிக்கிறது! யாரோ ஒரு ஆள் போன வாரம் என்ன நடந்தது என்பதை மனதில் வைத்துக்கொண்டு இந்த வாரத்தைப் படிக்கிறது!

யார் அது? அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. படத்தில் முகம் இல்லை, கார் பானெட் மேல் படுத்திருக்கும் ஒரு பூனைதான் இருந்தது. பெயருக்குப் பதிலாக ஒற்றை எழுத்து. அந்த ஆள் ஒரு கதையும் போட்டதில்லை, வேறு யாருக்கும் கருத்தும் வைத்ததில்லை. குழுவை நடத்துகிற அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"அந்தப் பூனையா? அது சைலன்ட் மெம்பர்மா. கருத்தும் போடாது, கதையும் போடாது. தூக்கிடலாம்னு இருக்கேன்" என்றார்.

"ஐயோ, தூக்கிடாதீங்க அக்கா!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

கதைக்கு முற்றும் போட்ட பிறகு, குழுவின் வருடாந்திரச் சந்திப்பு பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் நடந்தபோது ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவளாக இருக்குமோ, அவராக இருக்குமோ? எனக்கு அந்தத் துப்பறியும் கதைக்காரர் மேல் சந்தேகம். ஒன்றையும் விடாமல் கவனிக்கிற தொழில் அல்லவா. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சார், என் கதையில அந்த மாமியார் எப்படி செத்தாங்கன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கொக்கி போட்டுப் பார்த்தேன்.

அவர் மீசையை நீவினார். "யாரோ விஷம் வச்சிருக்கணும் சிஸ். நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்."

ஆள் அவர் இல்லை.

அன்றுதான் இன்னொன்றும் அறிவித்தார்கள். அந்த வருடம் அதிகக் கருத்து வாங்கிய கதை என்னுடையதாம். குழுவே அதைப் புத்தகமாகப் போடுமாம், பிரிக்பீல்ட்ஸிலேயே மண்டபம் பிடித்து வெளியீடாம். எல்லாரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்று கும்பிட்டேன். சந்தோஷம் இல்லாமல் இல்லை, சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டது. ஆனால் உள்ளே ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கைகளில் எது என் கதையைப் புரட்டிய கை? புத்தகம் வந்தால் இதே ஆட்கள் மண்டபத்துக்கு வந்து, ஆளுக்கொன்று வாங்கி, அலமாரியில் வைத்துவிடுவார்கள். கடைசிப் பக்கம் வரைக்கும் ஒரே ஒருத்தராவது படித்தார் என்று தெரிந்தால் போதும், நிம்மதியாக அச்சுக்குக் கொடுத்துவிடுவேன். எனக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றுதான். அதைச் சொல்லக்கூடியது அந்தப் பூனை ஒன்றுதான்.

தனியாகச் செய்தி அனுப்பினேன். வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் அந்த ஆள் பயந்துவிடுமோ என்று, சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். வந்தாள். முப்பது வயது இருக்கும், கண்ணாடி, கழுத்தில் ஆபீஸ் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கே.எல். சென்ட்ரலில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை, வீடு ஷா ஆலாமில். நான் விடவில்லை, போலீஸ்காரன் மாதிரி கேள்வி மேல் கேள்வி கேட்டேன். எப்போது படிப்பாய்? வேலை முடிந்து போகும்போது கம்யூட்டர் ரயிலில். உட்கார இடம் கிடைக்குமா? கிடைக்காது, நின்றுகொண்டேதான். நீயும் எழுதுகிறாயா?

"எழுதணும்னுதான் குழுவுல சேர்ந்தேன் அக்கா. இன்னும் ஒண்ணும் எழுதல. மொதல்ல படிப்போம்னு இருக்கேன்."

"அப்ப ஏன் யாருக்கும் கருத்துப் போட மாட்டேங்கிற?"

"போட்டா திருப்பிப் போட வருவாங்க. நான்தான் ஒண்ணுமே எழுதலையே, அவங்க எங்க போயி அருமைன்னு போடுவாங்க?"

சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பெண் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தைரியத்தில் கேட்டும் விட்டேன். "முடிவு எப்படி இருந்துச்சு? உண்மைய சொல்லு லா, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

அவள் அப்பளத்தைச் சின்னச் சின்னதாக நொறுக்கினாள். "முடிவு தெரியாது அக்கா. பதினஞ்சாவதோட நிப்பாட்டிட்டேன். மன்னிச்சிருங்க."

மொத்தம் இருபத்தைந்து. நான் வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது.

"ஏன்?"

"பதினாலாவதுல, மாமியார் செத்த நாள திரும்பக் காட்டுவீங்களே, கூடத்துல எல்லாரும் அழறாங்க. மருமக மட்டும் அடுப்படிக்குப் போயி தனக்குன்னு ஒரு கோப்பி கலக்கிக் குடிக்கிறா. சீனி அள்ளிப் போட்டதுக்குத் தினமும் திட்டு வாங்குனவ, அன்னிக்கு இன்னும் ஒரு கரண்டி சேத்துப் போட்டுக்கிறா. அத படிச்சப்ப எனக்குப் பக்குனு ஆயிடுச்சு அக்கா. அவள எனக்குப் பிடிக்கல. ஆனா அடுத்து என்ன செய்வான்னு தெரிஞ்சே ஆகணும்னு இருந்துச்சு. அப்புறம் பார்த்தா, தினமும் சாமி ரூம்ல உக்காந்து மாமியார் படத்தப் பாத்து அழறா. அது வேற யாரோ. அவள எனக்குத் தெரியாது."

"அவ திருந்திட்டா" என்றேன்.

"யாரு சொன்னா?" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அதனால்தான் சுருக்கென்று தைத்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நேற்று முளைத்தவள், ஒரு வரி எழுதாதவள், என் கதைக்குக் கணக்குப் பார்க்கிறாளா? வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு இலையைக்கூட மடிக்காமல் எழுந்து கை கழுவப் போனேன்.

கிள்ளானுக்கு வந்து சேரும் வரைக்கும் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பதினைந்தாவதைத் திறந்தேன், அவள் சொன்னது பொய் என்று காட்ட வேண்டுமே. ஒரு பக்கம் படித்தேன். இரண்டு பக்கம் படித்தேன். நடுவில் எழுந்து போய்த் துணி மடித்தேன். என் கதையை நானே விட்டுவிட்டுத் துணி மடிக்கப் போயிருக்கிறேன், கேவலம்!

யார் சொன்னார்கள் என்று பார்க்கத் தோன்றியது. பழைய கருத்துகளைப் புரட்டினேன். கோப்பி குடித்த அத்தியாயத்துக்குக் கீழே ஒரு சிஸ் எழுதியிருந்தார். "கதாநாயகி இவ்வளவு கல்நெஞ்சக்காரியா இருக்கலாமா சிஸ்? கொஞ்சம் நல்லவளா காட்டுங்களேன்." அதற்கு ஆமாம் போட்டு ஒரு கூட்டம். நான் உடனே அவளைச் சாமி அறையில் உட்கார வைத்து அழவிட்டிருக்கிறேன், கருத்தும் மளமளவென்று ஏறியிருக்கிறது. அந்தச் சிஸ் யார் என்று பார்த்தால், மாமியாருக்குப் பாடம் கற்றுக்கொடுக்கச் சொன்ன அதே ஆள். மாமியார் செத்ததே தெரியாத ஒருத்தியின் பேச்சைக் கேட்டு என் கதாநாயகியை நான் மாற்றியிருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டேன்.

குழு அக்காவைக் கூப்பிட்டு, புத்தகம் இப்போது வேண்டாம், அடுத்த ஆளுடையதைப் போடுங்கள் என்று சொன்னேன்.

"உனக்கென்ன பைத்தியமா? அட்டைப் படமே வந்துருச்சு லா! குத்துவிளக்கு, புடவை, எவ்வளவு லட்சணமா போட்டிருக்கான் தெரியுமா?"

"கதை முடியலக்கா."

"அதான் முற்றும்னு போட்டுட்டியே!"

அவருக்கு விளங்கவைக்க என்னால் முடியவில்லை. அவர் கோபித்துக்கொண்டார், மொய்யும் நின்றது. பதினைந்திலிருந்து எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுத உட்கார்ந்தேன். என் ஆளை அடுப்படிக்கே கூட்டிக்கொண்டு போனேன். சீனி போட்ட கோப்பியைக் குடித்துவிட்டுக் கூடத்துக்கு வந்து அவள் என்ன செய்வாள்? எனக்கே தெரியவில்லை, எழுதித்தான் பார்த்தேன். பொய் சொன்னாள். மாமியார் நடத்திவந்த கேட்டரிங் தொழிலை, "இனிமே நீதான் பாத்துக்கணும்" என்று கடைசியாகத் தன்னிடம் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். அப்படி ஒரு வார்த்தையை அந்த அம்மாள் ஜென்மத்துக்கும் சொல்லமாட்டாள். கூட்டம் உச்சுக்கொட்டியது. அப்போது நாத்தனார் அழுகையை நிறுத்திவிட்டு, "அம்மா விழுந்தப்ப என்கூடதான் போன்ல பேசிக்கிட்டு இருந்தாங்க" என்றாள். அந்த இடத்தில் என் கையே நின்றுவிட்டது.

குழுவில் போடவில்லை. அந்தப் பூனைப் பெண்ணுக்கு மட்டும் அனுப்பினேன். 'நேரம் இருந்தால் பார்' என்று ஒரு வரி, அவ்வளவுதான். அன்றைக்கு எழுந்து வந்ததற்கு ஒரு மன்னிப்பும் சேர்த்திருக்கலாம், மனம் வரவில்லை. அவளிடமிருந்து பதிலும் வரவில்லை. சரி, போனால் போகிறது, எனக்கு எழுதப் பிடித்திருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். நாளெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அவள்தான்.

"அக்கா, உங்க வீடு கிள்ளான்லதானே?"

"ஆமா, ஏன்?"

"நான் கிள்ளான் ஸ்டேஷன்ல நிக்கிறேன்."

"இங்க உனக்கு என்ன வேலை?"

"வேலையா? ஷா ஆலாம்ல இறங்க வேண்டியவ நான்! அந்த நாத்தனார் வாயத் திறந்தா பாருங்க, அங்க படிச்சிட்டு இருந்தேன். தலையத் தூக்கிப் பாக்குறேன், ஷா ஆலாம் போச்சு, பாடாங் ஜாவா போச்சு, எல்லாம் போச்சு. திரும்பிப் போற ட்ரெய்ன் எப்ப வருதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. குடையும் இல்ல. எல்லாம் உங்களாலதான்!"

விளையாட்டுக்கு அல்ல, நிஜமாகவே கோபமாக இருந்தாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன். கணவர் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மழையில எங்க போற?"

"ஸ்டேஷனுக்கு. ஒரு பொண்ணு என் கதையப் படிச்சிட்டு இறங்க மறந்துட்டா."

"சரி, அதுக்கு நீ ஏன் அழற?"

அவர் கேட்டபிறகுதான் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

ஸ்டேஷன் வாசலில் நனைந்த கோழி மாதிரி நின்றிருந்தாள். கார் கதவைத் திறந்து உட்கார்ந்தவள் பெல்ட்கூடப் போடவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. "அந்த நாத்தனாருக்கு உண்மை தெரியுமா, தெரியாதா?" என்றாள்.

"சத்தியமா எனக்கே தெரியாது" என்றேன்.

அவள் நம்பவில்லை. எழுதுகிறவளுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும் என்று ஷா ஆலாம் வரைக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன்.