முன்னுரையில் ஒரு பென்சில் குறிப்பு

கோட்டாற்றில் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தவள் நான். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிவப்பு மைத் திருத்தங்களை மட்டும் பார்த்துவிட்டு, அச்சுக்குத் தயாரான ஃபாரத்தை மெஷினுக்கு அனுப்பாதீர்கள்.

ஒரு பேராசிரியரின் புத்தகம் வந்தது. கல்யாணமாகி வருடங்கள் போனாலும் ஆசை வற்றாமல் இருக்கப் பழைய நூல்கள் சொன்னதெல்லாம் நானூறு பக்கம். மனைவி முகம் வாடினால் எப்படிக் கண்டுபிடிப்பது, ஊடலை எப்படித் தீர்ப்பது, எல்லாம் அட்டவணையோடு. மனுஷன் கரைத்துக் குடித்திருந்தார்.

புரூஃப் திருத்தும் வேலையைத் தன் மனைவி கோமதியம்மாவிடம் தள்ளிவிட்டார். வீட்டிலேயே ஆள் இருக்க வெளியே எதற்குத் தேட வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழா. வியாழக்கிழமை புரூஃப் கட்டு திரும்பி வந்தது. பிழைகளையெல்லாம் கோமதியம்மா சிவப்பில் சுத்தமாகத் திருத்தியிருந்தார். முன்னுரையில் மட்டும் பென்சில். ‘நான்கு மாதம் வீட்டில் அமைதி காத்து உதவிய என் மனைவிக்கு நன்றி’ என்ற வரியை அடித்து, ஓரத்தில் எழுதியிருந்தார்: ‘அது அமைதி இல்லை, கோபம். இந்த வரி அச்சானால் தக்கலையில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். திரும்பி வரமாட்டேன்.’

பேராசிரியரை வரச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்து இரண்டு முறை படித்தார்.

“நாலு மாசமா கோவமா? எங்கிட்ட ஒண்ணும் சொல்லல்லியே?”

“பேசாம இருந்தவங்க எப்படி சார் சொல்லுவாங்க?”

“நேரத்துக்குச் சோறு போட்டாள்லா?”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை.

“செரி, ‘பொறுமை காத்து’ன்னு மாத்திருவோம். ஞாயித்துக்கிழமை பெரிய ஆளுவ எல்லாம் வாராவ” என்றார்.

“சார், நூத்திப்பன்னிரண்டாம் பக்கத்த எடுங்க. ஊடுன மனைவிகிட்ட மொதல்ல என்ன செய்யணும்னு நீங்கதான எழுதியிருக்கிய?”

எடுத்தார். யாரோ எழுதியதைப் போல உதடசைத்துப் படித்தார். “பக்கத்துல போய் உக்காரணும்னு இருக்கு.”

“இங்க, அச்சாபீஸ்ல உக்காந்தா கணக்கில்ல சார்.”

கட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். விழா தள்ளிப்போனது. பத்து நாள் கழித்துக் கோமதியம்மாவே புரூஃபைக் கொண்டுவந்தார்.

“சார் வந்து உக்காந்தாரா?” என்று கேட்டேன்.

“உக்காந்தாரு. என்ன கோவம்னு கேட்டாரு. சொல்லி முடிக்க ஒம்பது நாளாச்சு. நன்றியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், அந்த வரிய எடுத்திருங்க.”

எடுத்துவிட்டு ஃபாரத்தை அனுப்பினேன். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் டிவி முன்னால் வாய் திறக்காமல் இருந்தார். மூன்று நாளாக அப்படித்தான். அதை நிம்மதி என்று நினைத்திருந்தேன். பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.