சாவியைக் கொடுத்தேன், கையெழுத்தைக் கொடுக்கவில்லை

என் கணவருக்கு உயில் என்ற சொல்லே ஆகாது. இருவரும் ஓய்வு பெற்ற பிறகு நானும் எத்தனையோ முறை பேச்சை எடுத்துப் பார்த்தேன். "என்னைய இப்பவே அனுப்பப் பாக்கியாட்டி?" என்று சிரித்துக்கொண்டே பேப்பரை விரித்துவிடுவார். வங்கியில் வேலை பார்த்தபோது வருகிறவர்களிடமெல்லாம் நாமினி பெயர் எழுதுங்கள் என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிய மனிதர், சொந்த வீட்டுக்கு ஒரு வரி எழுதி வைக்கவில்லை. பாளையங்கோட்டையில் நாங்கள் கட்டிய அந்த வீடு அவர் பெயரில்தான் இருந்தது. கடனை மட்டும் இரண்டு பேர் சம்பளத்திலும் அடைத்தோம். நானும் அரசு ஆபீசில் கிளார்க்காக இருந்தவள்தான். பத்திரத்தில் என் பெயரையும் சேர்க்கச் சொன்னபோது, "உன் பேரு என் பேருன்னு என்னட்டி இருக்கு, எல்லாம் ஒண்ணுதான?" என்றார். அவர் திடீரென்று போய்ச் சேர்ந்ததும் அந்த ஒன்று நாலாகிவிட்டது. சட்டப்படி எனக்கு ஒரு பங்கு, இரண்டு மகன்களுக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு பங்கு.

எங்கள் குடும்பத்தில் பதினாறாம் நாள் காரியத்தின்போது மகன்களுக்கு மாமனார் வீட்டார் உருமா கட்டுவார்கள். தலையில் துணியைச் சுற்றி, இனி இந்த வீட்டுக்கு நீதான் பொறுப்பு என்று ஊரறியச் சொல்வது. கட்டி முடித்ததும் அம்மாக்காரி பீரோ சாவியை எடுத்து மூத்தவன் கையில் கொடுக்க வேண்டும். என் மாமியாரும் கொடுத்தார்கள், அவர்களுடைய மாமியாரும் கொடுத்திருப்பார்கள். சாவி கை மாறிவிட்டால் சொத்தும் மாறிவிட்டது என்பது எங்கள் ஆட்களின் நினைப்பு. பத்திரம் என்பது பிறகு சாவகாசமாகச் செய்துகொள்ளும் சடங்கு.

அன்றைக்கு ஆற்றில் முழுகிவிட்டு வந்து, உருமா கட்டி, பந்தியும் முடிந்தது. கடைசிப் பந்தியில் எனக்குத் தெரியாத ஒருவர் பாயசத்துக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். யாரென்று விசாரித்தால் பத்திரம் எழுதுகிறவராம். கை கழுவியதும் அவர் பையிலிருந்து காகிதங்களை எடுத்து நடு ஹாலில் உட்கார்ந்தார்.

என் கணவரின் தம்பிதான் பேச்சைத் தொடங்கினார். "மதினி, உருமா கட்டியாச்சு. சாவிய மூத்தவன் கையில குடுங்க. அப்படியே அந்தப் பத்திரத்துல ஒரு கையெழுத்தும் போட்டுட்டா அண்ணன் ஆத்மா சாந்தியடைஞ்சிரும்."

பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நானும் மகளும் எங்கள் பங்கை விட்டுக்கொடுத்து, வீட்டை இரண்டு மகன்கள் பெயருக்கும் மாற்றும் விடுதலைப் பத்திரம். மகளுக்குப் போட்ட நகையே அவள் பங்குக்குச் சரியாகிவிட்டதாம். சென்னையில் இருக்கும் மூத்தவன் வீட்டை விற்பதற்கு ஆள்கூடப் பார்த்து வைத்திருந்தான்.

"அப்ப நான் எங்கல இருப்பேன்?" என்றேன்.

"அதெல்லாம் யோசிச்சாச்சும்மா" என்றான் மூத்தவன். "ஆறு மாசம் எங்கூடச் சென்னையில இரு, ஆறு மாசம் தம்பிகூடக் கூடங்குளத்துல இரு. ஒனக்கு ஒரு கொறையும் வராது."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. புருஷன் போய்ப் பதினாறு நாள் ஆவதற்குள் என்னைப் பேருந்து மாதிரி ரூட் போட்டு விட்டுவிட்டார்கள்! மூத்த மருமகள் அடுக்களை வாசலில் தலை குனிந்து நின்றாள். எல்லாம் இவள் வேலையாகத்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இடுப்பிலிருந்த சாவியை எடுத்து மூத்தவன் கையில் கொடுத்தேன். கூடியிருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது.

"சாவி முறைப்படி தந்தாச்சு. பீரோவுல என் சேலைதான் கெடக்கு, வேணும்னா எடுத்துக் கட்டிக்கோ. கையெழுத்து மட்டும் தர மாட்டேன்."

கொழுந்தனார்தான் சுதாரித்தார். "என்ன மதினி, பெத்த பிள்ளையள நம்ப மாட்டீங்களா?"

"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறதான?" என்றேன். பிறகு பத்திரம் எழுதுகிறவர் பக்கம் திரும்பினேன். "அண்ணாச்சி, எழுதினத அப்படியே திருப்பி எழுதுங்க. பிள்ளைய மூணு பேரும் அவங்க பங்க எனக்கு விட்டுக்குடுக்கட்டும். எம்பேருல வீடு வரட்டும். நான் இங்கனதான் இருப்பேன். எனக்குப் பென்ஷன் இருக்கு, கையும் காலும் இருக்கு. எனக்குப் பொறவு மூணு பேருக்கும் சமமா நானே உயில் எழுதி வைக்கேன்."

"அப்படியும் எழுதலாம்மா, சட்டத்துல எடமிருக்கு" என்றார் அவர். கொழுந்தனார் அவரைப் பார்த்த பார்வையில் சாப்பிட்ட பாயசம் திரும்ப வந்திருக்கும்.

மகள்தான் முதலில், "நான் போடுதேன்மா" என்றாள். சின்னவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான். "அம்மா இருக்க வரைக்கும் அம்மா வீடுதான" என்று பைய முனகினான். மூத்தவன் மட்டும் உருமாவை அவிழ்த்து நாற்காலியில் போட்டுவிட்டு வெளியே போனான். அன்று சாயங்காலமே சென்னைக்குக் கிளம்பிவிட்டான்.

அவன் கையெழுத்து இல்லாமல் வீடு முழுதாக என் பெயருக்கு வராது. நான் கையெழுத்துப் போடாமல் அவனால் விற்கவும் முடியாது. வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போகலாம். போனால் எங்கள் இரண்டு பேருக்கும் பதிலாகப் பேரப்பிள்ளைகள்தான் தீர்ப்பு வாங்கப் போவார்கள். மாதங்கள் போயின. அவன் போன் செய்யவில்லை, நான் செய்தாலும் எடுக்கவில்லை. சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். "பெத்த மகன் தலையில கட்டின உருமாவ அவுக்க வச்சவ" என்று ஒருத்தி சொன்னது என் காதிலேயே விழுந்தது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். பேசாமல் கையெழுத்தைப் போட்டுத் தொலைப்போமா என்றுகூட அன்று தோன்றியது. மகனைவிடச் செங்கல்லும் சிமெண்டும் பெரிதா என்று மனசு அடித்துக்கொண்டது. ஆனால் எழுந்து ஜன்னலைத் திறந்தபோது, இந்த ஜன்னலைத் திறக்க இன்னொருவரிடம் கேட்க வேண்டிய நாளை நினைத்துப் பார்த்தேன். அடுப்பை மூட்டி இட்லி ஊற்றிச் சாப்பிட்டேன்.

அப்புறம் ஒருநாள் போன் வந்தது. மகன் இல்லை, மூத்த மருமகள்.

"அத்த, வார வெள்ளிக்கிழம நாங்க வாரோம். பதிவுக்கு ஏற்பாடு பண்ணி வைங்க. அவுக கையெழுத்துப் போடுவாக."

என் காதையே நம்ப முடியவில்லை. என்னம்மா ஆச்சு என்று கேட்டேன்.

"எங்கம்மா, எங்கண்ணன் வீட்டுல ஆறு மாசம், என் தம்பி வீட்டுல ஆறு மாசம்னு இருக்காகல்லா. போன வாரம் பாக்கப் போனேன். சுகர் மாத்திர எங்கன்னு கேட்டேன். இந்த வீட்டுல வச்சேனா அந்த வீட்டுல வச்சேனான்னு தெரியலட்டின்னு முழிக்காக அத்த. எங்கம்மா அப்படி முழிச்சு நான் பாத்ததே இல்ல. நாளைக்கு ஒங்கம்மாவும் இப்படி முழிக்கணுமான்னு அவுககிட்டக் கேட்டேன்." அவள் குரல் உடைந்தது. "அன்னைக்கு நீங்க பேசும்போது அடுக்களையில நின்னு எனக்குக் கை தட்டணும்போல இருந்துச்சு."

நான் யாரை நினைத்துப் பல்லைக் கடித்தேனோ, அவள்தான் என் பக்கம் நின்றாள்.

வெள்ளிக்கிழமை மகன் வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் ஒன்னைய வீட்ட விட்டு வெரட்டவாம்மா பாத்தேன்?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது.

"வெரட்டலல. நல்லாத்தான் பாத்துக்கிட்டிருப்ப. ஆனா நான் எங்க இருக்கணும்னு என்னையக் கேக்காமலே முடிவு பண்ணிட்ட பாரு, அதான் எனக்கு ஆகல."

அவன் காபியைக் குடித்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒவ்வொருவரிடமும் மனப்பூர்வமாக எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். மகளும் சின்னவனும் சொல்லிவிட்டார்கள். மூத்தவன் முறை வந்தபோது தலையை மட்டும் ஆட்டினான். "வாயத் தொறந்து சொல்லுங்க சார்" என்றார் அதிகாரி. "ஆமா, முழுச் சம்மதம்!" என்று அவன் போட்ட சத்தத்தில் வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசியில் அவனும் சிரித்தான். எல்லோருமாகப் போய் இலை போட்டுச் சாப்பிட்டோம்.

கையோடு உயிலையும் எழுதிப் பதிவு செய்துவிட்டேன். மூவருக்கும் சமம். என் கணவரைப் போல நானும் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் போவதில்லை. உயிலில் இருப்பதை மூவரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். எனக்கு மனசு மாறினால் உயிலையும் மாற்றுவேன் என்றும் சொல்லி வைத்தேன். அதிலிருந்து மூவரும் போன் செய்யத் தவறுவதில்லை. அன்பு பாதி, பயம் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மருமகளின் அம்மா இப்போது வருஷத்தில் சில வாரங்கள் என்னோடு வந்து தங்குகிறார்கள். இரண்டு பேரும் டிவி சீரியலைத் திட்டிக்கொண்டே பார்க்கிறோம்.

போன வாரம் காலையில் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன். பழைய நைட்டி, தோளில் துண்டு, கையில் விளக்குமாறு. மாநகராட்சியிலிருந்து வரி விஷயமாக ஒருவர் வந்து கேட்டுக்கு வெளியே நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்று கேட்டைத் திறந்துவிட்டேன். "உள்ள வாங்க."