பாய் கட் வெட்டிக்கொண்ட கோடை

ஈரப் பின்னலின் வாடை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தலைக்குக் குளித்து, முடி காய்வதற்குள் எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டிவிட்டால், சாயங்காலம் அவிழ்க்கும்போது நனைந்த துணியை மூட்டை கட்டி வைத்ததுபோல் ஒரு நாற்றம் வரும். ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த தெருவிலோ அந்தப் பின்னலுக்கு அப்படி ஒரு பெயர். "நீள முடிப் பொண்ணு" என்றுதான் என்னை அடையாளம் சொல்வார்கள்.

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில், திருவானைக்காவல் பஸ் ஸ்டாப்பில், காதும் கழுத்தும் தெரிய முடி வெட்டிய ஒரு பெண்ணைப் பார்த்தேன். தலையை விரலால் ஒருமுறை கோதிவிட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "எனக்கும் பாய் கட் வேணும்" என்றேன்.

"எதுக்குடி?"

"சும்மா. பிடிச்சிருக்கு."

அந்தச் "சும்மா"வை ஒருவரும் நம்பவில்லை. அப்பா என் போனை வாங்கி வைத்துக்கொண்டு, "யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றார். அத்தை போனிலேயே, "லவ் விவகாரமா இருக்கும், நல்லா விசாரிங்க" என்றாள். மாடி வீட்டுக்காரர்கள் தலையில் ஏதோ வியாதி என்று பேசிக்கொண்டார்கள். அம்மா மட்டும் என்னையே கவனித்துக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டு வந்தால் என் கையையும் கழுத்தையும் உற்றுப் பார்ப்பாள். பஸ்ஸைவிட்டு இறங்கினால் எனக்குப் பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்ப்பாள். அவளே ஒருநாள் "வா, வெட்டிட்டு வரலாம்" என்றபோது எனக்குத்தான் சந்தேகம் வந்தது: நுனியை மட்டும் வெட்டி ஏமாற்றிவிடப் போகிறாளோ?

தில்லைநகர் பார்லரில் இருந்த அக்கா, நான் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் திரும்பினாள். "உங்களுக்குச் சம்மதந்தானேங்க? அப்புறம் வீட்டுக்காரங்க வந்து சத்தம் போடக் கூடாது." அம்மா தலையாட்டினாள். ஆனாலும் அந்த அக்கா தோள்வரை வெட்டிவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தாள். "இது போதும் பாப்பா, அழகா இருக்கு."

"இன்னும் குட்டையா. காது தெரியணும். பின்னாடி மெஷின் போடுங்கக்கா."

பிடரியில் மெஷின் ஓடி முடிந்ததும் அங்கே ஃபேன் காற்று பட்டு உடம்பு சிலிர்த்தது. அந்த அக்கா உள்ளங்கையில் கொஞ்சம் ஜெல்லைத் தேய்த்து, முன்முடியை ஒரு பக்கமாக ஏற்றிவிட்டு, "சீப்பு வேணாம், விரலால கோதினாலே போதும்" என்றாள். கண்ணாடியில் என்னை எனக்கு அவ்வளவு பிடித்தது. பின்னால் நின்ற அம்மா சிரிக்கவில்லை.

ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியதும் அம்மா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்பவாச்சும் உண்மையச் சொல்லு. யாராச்சும் உன்னை ஏதாச்சும் பண்ணாங்களா?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல. பிடிச்சிருந்துச்சு, அவ்வளவுதான்."

என் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். நம்பிவிட்டாள் என்பது அவள் தோள் தளர்ந்ததில் தெரிந்தது. பிறகு சொன்னாள்: "உன் வயசுல, முசிறில, நானும் என் முடியை நானே வெட்டிக்கிட்டேன். பின்னலைப் பிடிச்சு இழுக்கறதுக்கு ஒரு ஆளு வீட்டுக்கே வந்து போயிட்டிருந்தாரு. அசிங்கமாயிட்டா விட்டுருவாருன்னு நெனச்சேன். எல்லார்கிட்டயும் தலையில பேனுன்னு சொல்லிட்டேன்."

"யாரும்மா?"

"சொந்தக்காரருதான்" என்று சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரையும் சொல்லவில்லை.

அந்தப் பார்லர் இப்போது இல்லை. அங்கே செல்போன் கடை வந்துவிட்டது. சித்திரை வீதியில் குட்டை முடியோடு பெண்கள் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. முன்பெல்லாம் முசிறிக் கல்யாணங்களுக்கு நான் துள்ளிக்கொண்டு போவேனே, அதுவும்தான் இல்லாமல் போயிற்று. இப்போது அங்கே வயதான சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என் தலையைத் தொட்டு, "நல்லா இரும்மா" என்று வாழ்த்தும்போதெல்லாம் நான் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கிறேன். அவளோ யாரிடமும் முகம் மாறாமல், எல்லோரையும் ஒரே குரலில், "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.